பிஸ்தா கத்தும்... அதனால் என்ன?

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது.

போன வாரம், ஒரு காலை. கொல்லைப்பக்கக் குழாயடி. வாயில் நுரை, கையில் பிரஷ். பின்கட்டில் இருந்த பிஸ்தா அன்றைய முதல் குரலை எடுத்தது. 'குரல் எடுத்தது' என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று பாத்திரக் கடைக்குள் புகுந்தால் எப்படி இருக்கும்? அது.

பக்கத்து வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது. "ஏய், வாய மூடு."

அது கோவிந்தராஜ் மாமா. எங்கள் வீட்டு ஓனர்.

பிஸ்தா இன்னொரு முறை. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து, "ஆரம்பிச்சிருச்சுடா சாமி." மூன்றாம் வீட்டு மாடியிலிருந்து படபடவென்று கைதட்டல். அடுப்படியிலிருந்து என் அம்மா, "சனியனே, சும்மா இரேன்."

பிஸ்தா மூன்றாவது முறை. இந்தத் தடவை குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் நுரையை விழுங்கிவிட்டேன்.

இது கத்தல் இல்லையே... உரையாடல் அல்லவா? 'நான் இங்கே இருக்கிறேன், நீங்களெல்லாம் எங்கே?' என்று ஒரு பறவை கேட்கிறது. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு தெரு முழுக்க வரிசையாக ஆஜர் சொல்கிறது. தினமும் காலையும் மாலையும், ஒரு நாள் தவறாமல். அப்புறம் அது ஏன் நிறுத்தப்போகிறது? நீங்களாக இருந்தால் நிறுத்துவீர்களா?

முதலில் பிஸ்தா யார் என்று சொல்லிவிடுகிறேன். பிஸ்தா ஒரு மக்காவ். தென் அமெரிக்கக் காட்டுக் கிளி. மூக்கிலிருந்து வால் நுனி வரை என் கை நீளம் இருக்கும். பஞ்சவர்ணக்கிளி என்பாள் அம்மா. சரிபார்த்தேன் - நீலம், மஞ்சள், நெற்றியில் பச்சை, முகத்தில் வெள்ளை, தாடையில் கறுப்பு. ஐந்தும் இருக்கிறது. அரசாங்கத்தில் முறையாகப் பதிவு செய்த பறவை. ஆகவே, அந்த வழியில் யாரும் வர வேண்டாம்.

கல்லூரியில் என் அறைத்தோழி சபீனா. நாகூர்க்காரி. அவளுடைய வாப்பா ஷார்ஜாவில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் பிஸ்தா பருப்பு கொண்டுவந்து இதற்கு ஊட்டுவார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. பிறகு குடும்பமே ஷார்ஜாவுக்குக் கிளம்பியது. கிளியைக் கூட அழைத்துப் போக முடியாது என்றானது. "ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள் சபீனா. நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் செய்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

வந்த புதிதில் பிஸ்தா கத்தவே இல்லை தெரியுமா? மூலையில் உட்கார்ந்து தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிய்த்துப் போட்டது. மஞ்சள் மஞ்சளாகத் தரை முழுக்க. நடுவில் ஒரு பிடி வெறும் தோல். அம்மா அதைக் கூட்டி அள்ளும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வாள். தனியாக விடப்பட்ட மக்காவ் அப்படித்தான் செய்யுமாம். வாயைத் திறந்து அது முதல் முறை அலறிய காலையில் அம்மாவும் நானும் கட்டிப் பிடித்துக்கொண்டோம். அப்புறம்தான் இறகு முளைத்தது.

அதனால்தான் சொல்கிறேன். இந்தச் சத்தம் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

சத்தமே இல்லை என்று சாதிக்க மாட்டேன். சத்தம்தான். படு பயங்கரமான சத்தம். நான் வீட்டிலிருந்து சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். ஒரு மீட்டிங்கில் என் மேனேஜர் மெதுவாகக் கேட்டார், "அங்க யாரையாவது அடிக்கிறாங்களா? போலீஸ்க்குச் சொல்லணுமா?" மிக்ஸி ஓடினால் கத்தும். விருந்தாளி வந்தால் கத்தும். விருந்தாளி கிளம்பினால் அதைவிடக் கத்தும். குக்கர் விசிலைப் போலவே விசில் அடிக்கும். அதை நம்பி அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, வேகாத துவரம்பருப்பை வைத்து சாம்பார் வைத்த நாட்கள் உண்டு. இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாராவது மக்காவ் வாங்கக் கிளம்பினால், தயவுசெய்து உட்காருங்கள். சத்தமில்லாத கிளி வேண்டும் என்றால் காலண்டரில் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விவகாரம் பெரிதானது ஒரு மடையால்.

எங்கள் கொல்லைக்குப் பின்னால் மாமாவின் வயல். சம்பா நட்டிருக்கிறார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்கள். நம் முறை வந்தால் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொள்ள வேண்டும். விட்டால் அடுத்த முறை வரை வானத்தைப் பார்க்க வேண்டும். மடை இருப்பது வயலின் அந்தக் கோடியில். அங்கே மண்வெட்டியோடு கலியபெருமாள் அண்ணன் நிற்பார். மாமா இந்தக் கோடியில், கொல்லை வேலியோரம். தண்ணீர் இந்தப் பக்க வரப்பைத் தொட்டதும் மாமா வயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுப்பார்: "அடை..."

கலியபெருமாள் அண்ணன் மடையை அடைப்பார். அவ்வளவுதான். போன் பண்ணலாமே என்று கேட்டேன் ஒருமுறை. "சேத்துல நிக்கறவன் போனையா எடுப்பான்?" என்றார் மாமா. நியாயம்தான்.

ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவர் வருஷம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். 'அடை' என்று ஒரு குரல் கொடுத்தால் அந்தக் கோடியிலிருந்து "சரிண்ணே" என்று பதில் வருகிறது. ஆஹா, எவ்வளவு நல்ல வார்த்தை.

அன்று மாமா காபி குடிக்க உள்ளே போனார். தண்ணீர் பாதி வயல்கூட ஏறவில்லை. "அடை..." என்றது பிஸ்தா. கலியபெருமாள் அண்ணன் அடைத்துவிட்டு, அடுத்த வயல்காரருக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டார்.

மாமா வெளியே வந்தார். காய்ந்த பாதியைப் பார்த்தார்.

"யாரக் கேட்டு அடைச்ச?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க."

"நான் எப்பச் சொன்னேன்? உள்ள காபி குடிச்சிட்டு இருந்தேன்யா."

"அண்ணே, இத்தன வருசமாக் கேக்கறேன். ஒங்க குரல் எனக்குத் தெரியாதா?"

எங்கள் பின்கட்டிலிருந்து மறுபடி வந்தது: "அடை..."

இருவரும் திரும்பினார்கள். கலியபெருமாள் அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "அண்ணே, அச்சு அசல் நீங்கதான். ஆனா ஒண்ணு... அது நம்மளத் திட்டல."

மாமா சிரிக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"தங்கச்சி, தண்ணி போனது போவட்டும். அடுத்த முறைக்குப் பாத்துக்கறேன். ஆனா வர்ற வாரம் கவிதாவுக்கு வளைகாப்பு. முடிச்சு இங்க அழச்சிட்டு வரப்போறோம். தலப்பிரசவம். பச்சப்புள்ள இருக்கப்போற வீடு. இந்தச் சத்தத்துல அது எப்புடித் தூங்கும் சொல்லுங்க? கிளிய எங்கயாச்சும் அனுப்பிருங்க. முடியாதுன்னா... வேற வீடு பாத்துக்கங்க. கோவிச்சுக்காதீங்க."

அவர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். மகள் பிள்ளை பெற அம்மா வீட்டுக்கு வருகிறாள். எந்த அப்பாவும் கேட்கிற கேள்விதான்.

"அனுப்பிடறோம்ணே" என்றாள் அம்மா.

"அனுப்ப மாட்டோம் மாமா" என்றேன் நான்.

"ஏம்மா, மெதுவாப் பேசு. தெருவுக்கே கேக்குது."

மெதுவாப் பேசு. பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன், கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன், என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் இதை அம்மாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனது. இப்போது என் கிளிக்கும் அதே புத்திமதி.

"கேக்கட்டும் மாமா. ஒரு தடவ வீடு மாறினதுக்கே நெஞ்சுல ஒரு எறகு இல்லாமப் பிச்சுக்கிச்சு. இன்னொரு தடவ மாறினா பொழைக்காது. அதச் சத்தமாச் சொல்லாம வேற எப்புடிச் சொல்றது?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அன்று அம்மா என்னோடு பேசவில்லை. பிஸ்தா மட்டும் பேசிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஆற்றாமை. நம் ஊரில் சத்தமில்லாதது எது? ஆடி மாதம் வந்தால் கூம்பு ஸ்பீக்கர் விடியும் முன்பே அம்மனை எழுப்புகிறது, நம்மையும் சேர்த்து. அறுவடை வந்தால் மிஷின் ராத்திரி பகல் பார்ப்பதில்லை. சாவுக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, தலைவர் வந்தால் வெடி, அவர் வராமல் போனாலும் வாங்கியதை வீணாக்காமல் வெடி. தேர்தல் ஆட்டோவில் ஒரே வாக்கியம் நாள் முழுக்கச் சுற்றுகிறது. இதற்கெல்லாம் யாராவது 'வேற ஊர் பாத்துக்குங்க' என்று சொன்னதுண்டா? சத்தம் நமக்குப் பிரச்சினையே இல்லை. யார் போடுகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. உரிமை இருப்பவர் போட்டால் மங்கலம்; இல்லாதவர் போட்டால் தொல்லை. பிஸ்தாவுக்கு இந்த ஊரில் ஓட்டு இல்லை.

மறுநாள் காலைதான் பல் தேய்த்தேன். தினமும் தேய்ப்பவள்தான்... அன்றுதான் உறைத்தது.

ஈர வாயோடு மொபைலை எடுத்து, மக்காவ் வளர்க்கிறவர்கள் போடுகிற வீடியோக்களைத் தேடினேன். எல்லாரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். கத்தும்போது பதில் சொல்லாதே. திட்டாதே, திட்டுவதும் பதில்தான். மெல்ல முணுமுணுக்கும்போது உடனே போய் 'ம்' சொல், ஒரு முந்திரி கொடு. எது பலிக்கிறது என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். காலை மாலைக் கச்சேரி போகாது, அது அதன் பிறவி. மற்ற நேரத்துச் சத்தம் குறையும்.

அதாவது, பழக்க வேண்டியது கிளியை அல்ல. தெருவை.

வீடு வீடாகப் போனேன். "நாளைக்குக் காலைல கிளி கத்தினா யாரும் பதில் பேசாதீங்க." எதிர் வீட்டு அக்கா கேட்டார், "திட்டவும் கூடாதா?" கூடாது. "மனசுக்குள்ள?" மனசுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும். கடைசியாக மாமா வீடு. வாசலில் நின்றே சொன்னேன். "கவிதா வர்ற வரைக்கும் டைம் குடுங்க மாமா. சுத்தமா அடங்கிரும்னு பொய் சொல்ல மாட்டேன். காலைல கத்தும், சாயங்காலம் கத்தும். நடுவுல கொறச்சுக் காட்டறேன்."

அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாப்போம்."

மறுநாள் காலை. பிஸ்தா கத்தியது. தெரு அமைதி.

மறுபடி கத்தியது. அமைதி.

அவ்வளவுதான், அதற்குத் தாங்கவில்லை. தன் வாழ்நாளில் கற்ற அத்தனையையும் இறக்கியது. லாரி, குக்கர், சபீனாவின் வாப்பா இருமுகிற இருமல், 'அடை', அம்மாவின் 'சனியனே' எல்லாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. எதிர் வீட்டு அக்கா ஜன்னலில் முந்தானையை வாயில் வைத்து நின்றார். அம்மா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பிஸ்தா நிறுத்தியது.

தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. முழுசாக அமைதி. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது கேட்டது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இனி மெல்ல ஒரு முணுமுணுப்பு வர வேண்டும், நான் 'ம்' சொல்ல வேண்டும். முந்திரியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன்.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது, வயல் தாண்டிக் கேட்கிற குரல்.

"ஏம்மா... கிளிக்கு ஒடம்பு ஏதும் சரியில்லயா? சத்தத்தையே காணும்?"

பிஸ்தா சிறகை விரித்துத் தலைகீழாகத் தொங்கி ஆனந்தக் கூத்தாடியது. "அடை... அடை... அடை..."

தெரு மொத்தமும் சிரித்தது. சிரிப்பும் பதில்தானே. அன்றைய பாடம் பாழ்.

ஆனால் எனக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட்டது. ஒன்று, மாமா தினமும் இந்தக் குரலை எதிர்பார்த்துத்தான் எழுந்திருக்கிறார். இரண்டு, பிஸ்தாவின் கூட்டத்துக்குத் தலைவர் நான் இல்லை. அவர்தான்.

அந்த ஞாயிறு கவிதா வந்தாள், வளைகாப்புப் புடவைக்கு பிளவுஸ் அளவு கொடுக்க. திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். என் வயதுதான். மேல்மூச்சு வாங்க எங்கள் பின்கட்டுக்கு வந்து, பிஸ்தாவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பிஸ்தா அவள் வயிற்றைப் பார்த்து 'அடை' என்றது. அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. பின்னாலேயே மாமா ஓடி வந்தார்.

"பாத்தியா? இதத்தான் சொன்னேன். புள்ள எப்புடித் தூங்கும்?"

"அப்பா, கல்யாணமாகிப் போன புதுசுல எனக்குத் திருச்சியில தூக்கமே வரல. ஏன் தெரியுமா? அங்க யாருமே கத்தல. எவனாச்சும் செத்துட்டானான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பேன்."

"அது வேற."

"என்ன வேற? நீங்க போன்ல பேசினா போதும், உள்ளேருந்து ஒதைக்குது. ஸ்பீக்கர் போடாமயே அவருக்குப் பக்கத்து ரூம்ல கேக்குது. கிளிய அனுப்பறதா இருந்தா நீங்களும் கூடவே கெளம்புங்க. ரெண்டு பேருக்கும் ஒரே எடமாப் பாத்துருவோம்."

மாமா என்னைப் பார்த்தார். நான் பிஸ்தாவைப் பார்த்தேன். நல்ல நேரம் பார்த்து அது வாயை மூடிக்கொண்டிருந்தது.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். "ஆனா பகல்ல புள்ள தூங்கற நேரத்துல சத்தம் வரக்கூடாது. வந்துச்சு, நான் பழைய பேச்சுதான் பேசுவேன்."

"அப்ப நீங்களும் கொல்லையில நின்னு கத்தக்கூடாது மாமா. நீங்க கத்தினா அது பதில் சொல்லும்."

"வயலுக்குத் தண்ணி பாய வேணாமா?"

"துண்ட ஆட்டுங்க. அத அதால திருப்பிச் சொல்ல முடியாது."

"நான் என்ன ரயில்வே கார்டா?"

"கார்டு சத்தம் போட்டா ரயில் நிக்குது? கொடிக்குத்தானப்பா நிக்குது" என்றாள் கவிதா. நான் அவளை அப்படியே கட்டிப்பிடித்திருப்பேன், வயிறு இடிக்கும் என்று விட்டுவிட்டேன்.

நேற்று அடுத்த முறைத் தண்ணீர். மாமா வேலியோரம் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார். தண்ணீர் வரப்பைத் தொட்டது. தோளிலிருந்த பச்சைத் துண்டை உருவி ஆட்டினார். ஆட்டினார்... ஆட்டிக்கொண்டே இருந்தார். விவசாயி என்றால் பச்சைத் துண்டுதானே? பச்சை வயலுக்கு முன்னால், பச்சை வேலிக்கு முன்னால், பச்சைத் துண்டு. கலியபெருமாள் அண்ணன் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டு அங்கிருந்து கத்தினார், "அண்ணே, எறும்பு கடிக்குதா?"

தண்ணீர் வரப்பைத் தாண்டி எங்கள் கொல்லைக்குள் வந்தது. மாமாவின் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறந்தது... மூடிக்கொண்டது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அந்தக் கோடி வரை வரப்பில் ஓடினார். வாழ்நாளில் முதல் முறையாகத் தன் ஆளிடம் பக்கத்தில் போய், சாதாரணக் குரலில் 'அடை' என்று சொன்னார்.

பின்கட்டில் பிஸ்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் தொண்டைக்குள்ளேயே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு.

"ம்" என்றேன். முந்திரியை நீட்டினேன்.

நீங்கள் கேட்கலாம், அப்போ ஒருவழியாக அடங்கிவிட்டதா என்று. இல்லை. இதை எழுதும்போதுகூட மாலைக் கச்சேரி நடக்கிறது. கத்தட்டும். இருக்கிறேன் என்று சொல்லத் தெரிந்த உயிர் அதைச் சொல்லட்டும். காலையும் மாலையும் அதன் பங்கு. பகல் குழந்தையின் பங்கு. பங்கு பிரிக்கத் தெரியாத ஊரா இது? ஒரு வாய்க்கால் தண்ணீரை இத்தனை வயலுக்கு முறை வைத்துப் பிரிக்கிறோம்.

அடுத்த தண்ணீருக்குத் துண்டின் நிறத்தை மாற்ற வேண்டும். சிவப்பு என்றேன், "கட்சி மாறிட்டேன்னு சொல்லுவான்" என்று மறுத்துவிட்டார். மஞ்சள் என்று முடிவாகியிருக்கிறது. நாளைக் காலையிலிருந்து கொல்லையில் ஒத்திகை. வாயைத் திறக்காமல் துண்டை மட்டும் ஆட்ட வேண்டும்.

முந்திரி வாங்கி வைத்திருக்கிறேன். மாமாவுக்கும் சேர்த்து.